காலி வண்டியும் சாய்ந்திருந்தது

— சத்தம் எப்ப வருதுன்னு மட்டும் சொல்லுங்க மேடம். எதனாலங்கறதை நான் பாத்துக்கறேன்.

— பள்ளத்துல இறங்கினா வருது மாஸ்டர். மேட்டுல ஏறினாலும் வருது. பின்னாடி, இடது பக்கம். டிக்கிக்குள்ள யாரோ உக்காந்து சுத்தியலால தட்டற மாதிரி.

— காலியா ஓட்டினாலும் வருதா, ஆள் உக்காந்தா மட்டுமா?

— ஆள் உக்காந்தப்பதான் முதல்ல கவனிச்சோம்.

— எந்தப் பக்கம்?

— இடது பக்கம்தான். அவங்களுக்கு ஏறி இறங்க அதுதான் தோது.

— கொஞ்சம் கனமான பார்ட்டியோ? தப்பா எடுத்துக்காதீங்க. சங்கதி என்னன்னா, வெயிட்டான ஆள் ஒரே பக்கமா உக்காந்துட்டே வந்தா ஸ்பிரிங் அசந்துரும்.

— எங்கம்மா.

— ஓ.

— பரவாயில்ல மாஸ்டர். டயர் கடையிலயும் இதையேதான் கேட்டாங்க. பின் டயர் ஒண்ணு மட்டும் உள்பக்கம் மொட்டையா தேஞ்சிருக்கே, அந்தப் பக்கம் யாரு உக்காருவாங்கன்னு. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னுட்டிருந்தார். அன்னிலேந்து வீட்ல அதுதான் பேச்சு.

— டயர்க்காரன் டயரைத்தான் பாப்பான். நானும் குனியறதுக்கு முன்னாடியே வாயைத் திறந்துட்டேன். விடுங்க. இந்த டேப்போட முனையைப் பிடிங்க. சக்கரத்துக்கு நட்ட நடுவுல வைங்க. ஆங், அப்படித்தான். நான் மேல, மட்கார்டு விளிம்புல பாக்கறேன்... இப்ப வலது பக்கம் வாங்க... மேடம், வண்டிக்குள்ள யாரும் இல்லையே?

— இல்லையே.

— டிக்கியில?

— ஒரு குடை இருக்கும்.

— ஒரு குடைக்கு வண்டி ரெண்டு விரக்கடை இறங்காது.

— அப்படின்னா?

— அப்படின்னா இது ஆள் சங்கதி இல்ல. காலி வண்டியே இடது பக்கம் சாஞ்சுதான் நிக்குது. இந்த மூலையில கையை வச்சு நல்லா அமுக்கி விடுங்க. விட்டதும் ஒரு தடவை எழும்பி நின்னுடணும்... பாத்தீங்களா, தொட்டில் கணக்கா ஆடிட்டே இருக்கு. ஷாக் அப்சார்பர் செத்துப் போச்சு. தள்ளி நில்லுங்க, லிஃப்ட்ல ஏத்திப் பாத்துடலாம்.

— நானும் கீழ வந்து பாக்கலாமா?

— வாங்க, தலையை மட்டும் பாத்துக்குங்க. இந்த ஷாக்கோட உடம்பு பூரா எண்ணெய், அதுல மண்ணு அப்பிக் கிடக்கு. உள்ள இருக்க வேண்டிய எண்ணெய் எல்லாம் வெளியில வந்தாச்சு. இப்ப அது வெறும் குழாய். அடுத்தது இங்க பாருங்க, பின் அச்சு வண்டியோட சேர்ற இடம். நடுவுல ரப்பர் புஷ் இருக்கும். கம்பியை விட்டு நெம்பறேன்... எப்படி ஆடுது பாருங்க. ரப்பர் காஞ்சு பிஸ்கட் மாதிரி உதிருது. அச்சு கோணலா நிக்குது. டயர் தேஞ்சது அதனாலதான்.

— டயர் தேஞ்சது அதனாலயா?

— பின்ன? அந்த டார்ச்சைக் கொஞ்சம் கிட்ட பிடிங்க. ம்... ஸ்பிரிங்கோட கடைசி சுத்தைக் காணோம்.

— காணோம்னா?

— உடைஞ்சு கீழ் கிண்ணத்துலேயே கிடக்கு. இந்தாங்க, கையில வாங்கிப் பாருங்க. உடைஞ்ச வாய் பூரா துரு. இப்பத்தான் உடைஞ்சுதுன்னா வெள்ளையா மின்னும். இது உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. பெயிண்ட் உரிஞ்சிருக்கு, தண்ணி இறங்கியிருக்கு, உள்ளுக்குள்ளயே அரிச்சு ஒரு நாள் பட்டுனு போயிருக்கு. பழைய வண்டிக்கு இது சகஜம். உங்கம்மா வேண்டாம், ஒரு பூனை ஏறி உக்காந்திருந்தாலும் போயிருக்கும்... மேடம்? என்னாச்சு? அந்த ஸ்டூல்ல உக்காருங்க, துடைச்சதுதான்.

— ஒண்ணுமில்ல. துரு கண்ல பட்டுடுச்சு.

— துரு கையிலதானே இருக்கு.

— மாஸ்டர், வியாழக்கிழமைக்குள்ள வேலை முடியுமா?

— சாமான் வரணுமே. ஏன், வெளியூரா?

— அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போகணும். அவங்க இதுல ஏறி மாசக்கணக்காச்சு.

— ஏன், கோவமா?

— கோவப்பட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். எங்க குடியிருப்பு வாசல்ல ஒரு வேகத்தடை இருக்கு, கொஞ்சம் உசரம். ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாருமா வெளியில சாப்பிடக் கிளம்பினோம். அவர் ஓட்டறார், நான் முன்னாடி, அம்மா பின்னாடி. அம்மா தையல்கடை வச்சிருக்காங்க, பழைய துணியெல்லாம் பிரிச்சு அளவு மாத்தித் தர்ற கடை. அன்னிக்குத் தனக்குன்னு ஒரு புது ரவிக்கை தைச்சுப் போட்டுட்டு வந்தாங்க. வேகத்தடையில ஏறினதும் பின்னாடி டங்குனு சத்தம், வண்டி அடி உரசிடுச்சு. அவர் நிறுத்தினார். விளையாட்டாத்தான் சொன்னார். அத்தை, நீங்க மட்டும் இறங்கி நடந்து வந்துடுங்க, வண்டிக்கு மூச்சு முட்டுதுன்னு.

— ஐயையோ.

— அம்மா கதவைத் திறந்து இறங்கினாங்க. முட்டியில கையை ஊணிட்டு, வாட்ச்மேன் பாக்க, சைக்கிள் விட்டுட்டிருந்த பிள்ளைங்க பாக்க, நடந்து வந்தாங்க. வண்டி சத்தமில்லாம ஏறி இறங்குச்சு. அந்தப் பக்கம் போய் நிறுத்தினோம், திரும்ப ஏறிக்கிட்டாங்க. ஓட்டல்ல நல்லாத்தான் பேசினாங்க, என் தட்டுல இருந்ததைக்கூட எடுத்துச் சாப்பிட்டாங்க. அதோட சரி. அப்பறம் எப்பக் கூப்பிட்டாலும் கடையில வேலை இருக்கும்.

— மேடம், ஒண்ணு சொல்றேன். அந்த நிலைமையில இருந்த வண்டி, யார் இறங்கியிருந்தாலும் ஏறியிருக்கும். நீங்க இறங்கியிருந்தாலும்தான்.

— எனக்கு அது தோணவே இல்ல மாஸ்டர்.

— சரி, கண்ணுக்கு என்ன?

— கண்ல நீர் அழுத்தம். அடிக்கடி காட்டிட்டு சொட்டு மருந்தை மாத்திட்டே இருக்கணும். அம்மா தனியாத்தான் இருக்காங்க. அங்க பக்கத்து வீட்டு டீச்சர் அவங்க கார்ல கூட்டிட்டுப் போறாங்க, நீ அலையாதேன்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க. நானும் நம்பினேன். நம்பறது எனக்கு வசதியா இருந்துச்சு. போன வாரம் ஆஸ்பத்திரிலேந்து கூப்பிட்டு, ஏன் உங்கம்மாவை வரவிடாம வச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க. விசாரிச்சா, டீச்சர் வீடு மாத்திப் போயே நாளாச்சு.

— வாடகை வண்டில போயிருக்கலாமே.

— அதுலயும் ஏறலையாம். கீழ் வீட்டு அம்மாதான் சொன்னாங்க. டிரைவர் கண்ணாடில பாக்கறான், பின்னாடி இறங்குதான்னு பாக்கறான்னு அவங்ககிட்ட சொல்லியிருக்காங்க. பஸ் படி ஏற முட்டி விடாது. அப்படியே இருந்துட்டாங்க. மருந்தும் தீந்து போச்சு.

— சாமானை நானே போய் எடுத்துட்டு வரேன். வியாழக்கிழமை காலைல வண்டி வாசல்ல நிக்கும். போதுமா?

*

— ரெண்டு பக்கமும் ஜோடியாத்தான் மாத்தணும் மேடம். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா வண்டி நொண்டும்.

— மாத்துங்க. ஆனா ஸ்பிரிங் மட்டும் இருக்கறதுலயே கெட்டியானதா போடுங்க மாஸ்டர். சரக்கு ஏத்தற வண்டிக்கெல்லாம் போடுவாங்களாமே, அது. யார் உக்காந்தாலும் ஒரு நூல்கூட இறங்கக் கூடாது.

— எதுக்கு அப்படி?

— அவங்க ஏறும்போது வண்டி அசையக் கூடாது. அசைஞ்சா அவங்களுக்குத் தெரிஞ்சுடும்.

— யார் ஏறினாலும் வண்டி அசையும் மேடம். அசையறதுக்குத்தான் ஸ்பிரிங்கே. கெட்டியானதைப் போட்டா வண்டி பாக்க நிமிர்ந்து நிக்கும். ஆனா ரோட்ல இருக்கற ஒவ்வொரு பள்ளமும் நேரா அவங்க இடுப்புல இறங்கும். வலிக்குதுன்னு சொல்வாங்களா?

— சொல்ல மாட்டாங்க.

— அப்ப வேண்டாம். ஸ்பிரிங் வண்டிக்கு உண்டான அளவே இருக்கட்டும். ஷாக் மட்டும் ஒரு படி மேல போவோம், கேஸ் ரொப்பினது வருது. பள்ளத்துல இறங்கினா ஆட்டம் உடனே அடங்கிரும். புஷ்ஷுலயும் ரப்பருக்குப் பதிலா ஒரு கெட்டி ரகம் இருக்கு, ரேஸ் பசங்க வாங்கிட்டுப் போவாங்க. அதைப் போட்டா ரோட்டு இரைச்சல் பூரா உள்ள வரும். எனக்கு அதுல இஷ்டமில்ல. நல்ல ரப்பரே போடறேன்.

— நீங்க சொல்றபடியே செய்யுங்க.

— ஒரு உதவி. வண்டியைத் தரையில இறக்கிட்டேன். புஷ் போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு இப்பத்தான் கொடுக்கணும். தொங்கும்போதே முறுக்கினா ரப்பர் திருகின நிலையிலயே மாட்டிக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சுரும். நான் கீழ போறேன், நீங்க பின்சீட்ல உக்காருங்க. இடது பக்கம்.

— நான் இங்க உக்காந்ததே இல்ல மாஸ்டர். எங்க வண்டிதான், ஆனா உக்காந்ததே இல்ல.

— எப்படி இருக்கு?

— முன்னாடி இருக்கறவங்க முகம் தெரியாது போல. பின்தலைதான் தெரியும்.

— அது எல்லா வண்டிலயும் அப்படித்தான். முறுக்கியாச்சு, இறங்கிடுங்க... அளந்து பாத்துடலாம். இடது. வலது. ரெண்டும் ஒண்ணு. நேரா நிக்குது. பக்கத்துக் கடையில அலைன்மென்ட்டும் பாத்துட்டு, தெருக்கோடி பள்ளம் வரைக்கும் ஒரு நடை ஓட்டிட்டு வரேன்.

— அந்த உடைஞ்ச துண்டை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?

— குப்பைக்குப் போறதுதானே. எதுக்கு?

— அம்மாகிட்ட காட்டணும்.

*

— கதவைத் திறம்மா. படி ஏறி மூச்சு வாங்குது.

— திறந்துதான் கிடக்கு, தள்ளிட்டு வா. ஏன்டி, ஆபீஸ் இல்லையா உனக்கு?

— லீவு போட்டிருக்கேன். புடவையை மாத்து. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

— நீ ஏன் அலையற? டீச்சர் கூட்டிட்டுப் போறேன்னு—

— அம்மா. டீச்சர் வீடு மாத்திட்டாங்க. எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சுடுச்சா.

— ஏம்மா பொய் சொன்ன?

— சொல்லத் தெரியல, அதான். பொய் சொல்றது சுலபமா இருந்துச்சு. உக்காரு. தண்ணி குடி.

— முதல்ல கையை நீட்டு. இதைப் பிடி.

— என்னடி இது? கரி அப்பின இரும்பு.

— வண்டியோட ஸ்பிரிங். பின்னாடி, நீ உக்கார்ற பக்கம். எப்பவோ உடைஞ்சு கிடந்திருக்கு. மாஸ்டர் டேப் வச்சு அளந்தார்மா, வண்டியில ஒருத்தருமே இல்ல, அப்பவும் அந்தப் பக்கம் சாஞ்சுதான் நின்னுச்சு. ஷாக்கும் போயிருந்துச்சு, புஷ்ஷும் போயிருந்துச்சு. டயர் தேஞ்சதும் அதனாலதான். எதுவுமே உன்னால இல்லம்மா. எல்லாத்தையும் மாத்தியாச்சு.

— சரி.

— சரின்னா?

— சரின்னா சரி. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. வண்டி நல்லாவே இருந்து, நான் உக்காந்ததால மட்டுமே அன்னிக்குத் தட்டியிருந்தா? அப்ப என்னை இறக்கி நடக்க விட்டது சரியாப் போயிருக்குமா?

— நான் அப்படிச் சொல்லலம்மா.

— வண்டிக்கு ஸ்பிரிங் மாத்தினீங்க, எனக்கு ஒண்ணும் மாத்தலையே. நான் அதே ஆள்தான், அதே இடுப்புதான். இந்த இரும்பைக் காட்டித்தான் என்னை வண்டியில ஏத்தணும்னா, அடுத்த இரும்பு உடையற வரைக்கும்தான் எனக்கு மரியாதை.

— அம்மா, என்னைப் பாரு.

— பாக்கறேன். நீ அந்த ஓரத்துல நின்னா சரியாத் தெரியல. இந்தப் பக்கம் வா.

— எத்தனை நாளா தெரியல?

— ஒரு பொண்ணோட பேன்ட்டை ஒரு கால் குட்டையா வெட்டிட்டேன். சாக்பீஸ் கோடு இடது ஓரமா இருந்துச்சு, கண்ணுக்கே தட்டுப்படல. அந்தப் பொண்ணு போட்டுப் பாத்துட்டு, பரவால்ல ஆன்ட்டி, இதுவும் ஒரு ஸ்டைலாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போனா. திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். அன்னிலேந்து கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கி வைக்கறேன். யாராவது உள்ள எட்டிப் பாத்து, வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு, அடுத்த கடைக்குப் போகட்டும்னு.

— கிளம்பும்மா. தயவுசெஞ்சு.

— வரேன். கண்ணுக்காக வரேன், உன் ஸ்பிரிங்குக்காக இல்ல. அந்தப் பச்சைப் புடவையை எடு. அது இல்ல, அதுக்குக் கீழ.

*

— கதவு சரியா மூடிச்சா? ரொம்ப நேரமா படுத்திட்டாங்களாம்மா உன்னை?

— ஒரு பெட்டிக்குள்ள தலையை விடச் சொல்லி, புள்ளி தெரிஞ்சா பட்டனை அமுக்குன்னாங்க. நிறையத் தடவை புள்ளி எங்கேன்னே தெரியல. சும்மா இருக்கக் கூச்சமா இருந்துச்சு, குத்துமதிப்பா அமுக்கினேன். அந்த டாக்டர் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. அம்மா, தெரியலன்னா தெரியலன்னே இருங்கன்னா.

— என்கிட்ட தனியா சொன்னாங்க. இடது கண்ல ஓரப் பார்வை போனது போனதுதானாம். லேசர் வச்சு, மருந்தை ஒழுங்கா விட்டா மிச்சத்தைக் காப்பாத்திடலாமாம். முன்னாடியே வந்திருந்தா—

— என்கிட்டயும் அதான் சொன்னா. முன்னாடியே வந்திருந்தான்னு. அழாதடி. பார்க்கிங்ல நின்னு அழுதா, உள்ள யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சுப்பாங்க. வண்டியை எடு.

— வரும்போது எப்படி இருந்துச்சு? இடுப்பு வலிச்சுதா?

— வலிக்கல. நல்லா ஓடுது. உன் மாஸ்டர் நல்லாப் பண்ணியிருக்கார். கடைக்கு வரச் சொல்லு, அவர் பேன்ட்டுக்கு ஜிப்பு மாத்தித் தரேன், மிச்சக் கண்ணால.

— எல்லாம் உன் மாப்பிள்ளை பேசின ஒரு வார்த்தைம்மா. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அவரை உன் முன்னாடி நிக்க வைக்கறேன். உன் கண்ணு போனதுக்கு அவர் பதில் சொல்லட்டும். மன்னிப்புக் கேக்காம அவரை விடப் போறதில்ல.

— மாப்பிள்ளையை எதுக்கு இழுக்கற?

— பின்ன யாரை இழுக்கறது? வண்டிக்கு மூச்சு முட்டுதுன்னு சொன்னது அவர்தானே?

— சொன்னார். காதுல விழுந்துச்சு, இறங்கினேன். முட்டி வலிக்குதேன்னு நினைச்சேனே தவிர, சத்தியமா வேற ஒண்ணும் நினைக்கல. அவர் வேற வீட்ல பொறந்தவர். அவருக்கு அவர் வண்டியைப் பத்திக் கவலை. அது எனக்குப் புரிஞ்சுது.

— அப்பறம் ஏம்மா இத்தனை நாள் இதுல ஏறல?

— விடு, இப்ப எதுக்கு. சாவியைத் திருப்பு.

— சொல்லும்மா. அவரைத் தாங்கித் தாங்கிப் பேசாத. அவர் என்ன பண்ணாருன்னு சொல்லு.

— அவர் ஒண்ணும் பண்ணல. நான் பாதி வழி நடந்திருப்பேன், வண்டி என்னைத் தாண்டிப் போச்சு. கண்ணாடி எல்லாம் இறக்கித்தான் இருந்துச்சு.

— அம்மா.

— மாப்பிள்ளை சிரிக்கவே இல்ல, கண்ணு. நீதான் சிரிச்ச.